திரும்பிப் போவதற்கு ஐந்து காரணங்கள்

1

எனக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டதென்றும், அதை நான் வெளியே சொல்லாமல் மறைக்கிறேன் என்றும் ஆம்பூரில் என் வீட்டார் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நம்பியிருந்தார்கள். அதற்கு அவர்களிடம் சான்றும் இருந்தது. ஞாயிறுதோறும் நான் அனுப்பிய புகைப்படங்கள்தாம் அந்தச் சான்று: அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தின் ஏதோ ஒரு மலையடிவாரத்திலோ கடற்கரையிலோ, நனைந்த தலையும் சேறு படிந்த காலணியுமாக நான் நிற்கும் படங்கள்.

“எங்க போயிருந்தே?” என்று அப்பா தொலைபேசியில் கேட்பார்.

“வாக்கிங்குப்பா.”

“போன வாரமும் போனியே?”

“ஆமாம்பா. இங்க எல்லாரும் போவாங்க.”

“எல்லாருக்குமா இருக்கு?” என்றார் அப்பா, உண்மையான கவலையோடு.

என்ன இருக்கிறது என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஊரை விட்டு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டால் சொற்கள் மட்டும்தான் நினைவில் தங்குகின்றன. அவற்றின் உள்ளே இருப்பவை கழன்றுவிடுகின்றன. ஆம்பூரிலும் வேலூரிலும் ‘வாக்கிங்’ என்பது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் ஒன்று. காலை ஐந்தரைக்குக் கோட்டைப் பூங்காவைச் சுற்றி விரைந்து நடப்பவர்கள் யாரும் அகழியை ரசிப்பதில்லை. சாப்பாட்டுக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரத்தப் பரிசோதனை எண்களைத்தான் பேசிக்கொண்டு போகிறார்கள். நாற்பது வயதைக் கடந்த ஒருவர் மழையில் ஐந்து மணிநேரம் நடந்தார் என்றால் அவருடைய எண்கள் எந்த நிலையில் இருக்கும் என்று அப்பாவும் அத்தையும் கணக்கிட்டுப் பார்த்து நடுங்கியிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு மே மாதம் அப்பா இங்கே வந்ததற்கு முதல் காரணம் அதுதான். அவருடைய பெட்டியில் வெந்தயப் பொடியும், பாகற்காய் வற்றலும், நாவல்கொட்டைத் தூளும் இருந்தன. ஆற்காடு வழியாகச் சென்னை விமான நிலையத்துக்கு வந்தவர் எனக்காக அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா வாங்கவில்லை.

“உனக்குக் குடுக்கக் கூடாதுன்னு உங்க அத்த ஸ்ட்ரிக்டா சொல்லிட்டா” என்றார்.

பதினெட்டு ஆண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றுபவள் நான். எனக்குச் சர்க்கரை இல்லை என்பதை என் தந்தைக்கு நிரூபிக்க, வரவேற்பறையில் அவர் கண்முன்னே விரலைக் குத்திக் காட்ட வேண்டியதாயிற்று. எண்ணைப் பார்த்தார். கருவியைத் திருப்பிப் பார்த்தார்.

“மிஷின் கரெக்டா?” என்றார்.

2

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், சென்ற வாரம் எங்கள் வார்டில் நடந்த ஒரு சிறு உரையாடல். திமிரியிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளம் செவிலி உணவு இடைவேளையில் என்னருகே வந்து அமர்ந்தாள்.

“அக்கா, எங்கம்மாவ கூப்டுக்கலாம்னு இருக்கேன். விசாவுக்கு லெட்டர் எழுதித் தர்றீங்களா? நீங்க எழுதுனா ரிஜெக்டே ஆகாதுன்னு எல்லாரும் சொல்றாங்க.”

உண்மைதான். என் கடிதங்களுக்கு இங்குள்ள தமிழர்களிடையே ஒரு பெயர் உண்டு. நான் எழுதிய முதல் கடிதம் அப்பாவுக்கானது. அந்தப் பெண்ணிடம் சரியென்று சொல்லிவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தபோது இரண்டாம் பகுதியில் கை நின்றுவிட்டது.

உறவினரைச் சுற்றுலாவுக்கு அழைப்பவர்கள் அக்கடிதத்தில் இரண்டு விஷயங்களை விளக்க வேண்டும். வருபவர் இங்கே என்னென்ன செய்வார் என்பது ஒன்று. அவர் நிச்சயமாகத் திரும்பிப் போவார் என்பதற்கு என்ன உறுதி என்பது மற்றொன்று. இவை தவிரப் பிறப்புச் சான்று, ஓய்வூதியச் சான்று, அம்மாவின் இறப்புச் சான்று என்று ஒரு கட்டு. அம்மாவின் பெயர் ஒரு சான்றில் இரண்டு ‘எம்’முடனும் மற்றொன்றில் ஒரு ‘எம்’முடனும் இருந்தது. அவ்விருவரும் ஒரே பெண்மணிதான் என்று நோட்டரி முன் சத்தியம் செய்ய, மனைவியை இழந்து எட்டு மாதமே ஆகியிருந்த அப்பா ஆம்பூரிலிருந்து வேலூருக்கு மூன்று முறை பேருந்தில் போய்வந்தார்.

முதல் பகுதியை நான் எளிதாக எழுதினேன். சுற்றுலா அலுவலகத்தின் துண்டறிக்கை ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, மேயோவில் திறந்தவெளியில் காணவும் செய்யவும் என்னவெல்லாம் உண்டோ, அதை அப்படியே ஆங்கிலத்தில் வரிசைப்படுத்தினேன். பழைய ரயில் பாதையில் நடைப்பயணம், அக்கில் தீவின் கீம் கடற்கரையில் உலா, கைவிடப்பட்ட கிராமம், டவுன்பேட்ரிக் முனையில் கடலுக்குள் தனித்து நிற்கும் பாறைத் தூண், இறுதியாக, புனித பேட்ரிக் நோன்பிருந்ததாகச் சொல்லப்படும் மலை. எழுபத்திரண்டு வயதான, முழங்கால் தேய்ந்த ஒருவர் இவற்றில் எதையும் செய்வார் என்று நான் எண்ணவில்லை. வீட்டில் கணப்பருகே அமர்ந்து என் சமையலைச் சாப்பிடுவார் என்றுதான் எண்ணினேன்.

இரண்டாம் பகுதியையும் கவனமாகவே எழுதினேன். ஆம்பூரில் சொந்த வீடு. ஓய்வூதியம். திருச்சபைக் கமிட்டியில் உறுப்பினர் பொறுப்பு. கணவரை இழந்த தங்கை. நான்கோடு நின்றிருக்கலாம். ஐந்து இருந்தால் வலுவாக இருக்கும் என்று தோன்றியது. மறைந்த மனைவியின் கல்லறையின் மெயின்டனன்ஸ் அவருடைய தொடர்ச்சியான பொறுப்பு என்று எழுதினேன். அது உண்மையன்று. கல்லறைத் தோட்டத்தைக் கவனித்துக்கொள்ள ஆள் இருந்தார். அடக்கத்துக்குப் பிறகு அப்பா அந்தப் பக்கமே போகாமல் இருந்தார் என்பதை அத்தை எனக்குச் சொல்லியிருந்தாள்.

என் மனத்தில் இருந்ததோ இதற்கு நேரெதிர். அப்பாவை நான் திருப்பி அனுப்ப விரும்பவில்லை. வந்து, பார்த்து, பிடித்துப்போய், “சரிம்மா, இங்கயே இருந்துடறேன்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீண்டகாலம் தங்குவதற்கான வேறு விண்ணப்பத்தைத் தொடங்கிவிடலாம் என்றிருந்தேன். அவர் திரும்பிப் போவார் என்று அரசுக்கு உறுதி எழுதிக்கொண்டே, அவருக்காக மாடி அறைக்குப் புதுக் கட்டில் வாங்கிப் போட்டவள் நான்.

3

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஷூ கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தவர். அவர் கையெழுத்திட்ட கேட் பாஸ் இல்லாமல் ஓர் அட்டைப்பெட்டிகூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அது வண்டியில் இருக்க வேண்டும். வண்டியில் இருப்பது தாளில் இருக்க வேண்டும். உலகத்தைப் பற்றி அவர் கொண்டிருந்த கொள்கை இவ்வளவுதான்.

வந்த மறுநாள் காலை, என் கணவர் வேலைக்குக் கிளம்பியதும், அப்பா சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து மேசைமேல் விரித்தார். என் கடிதத்தின் நகல். ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஓரத்தில் ஒரு கட்டம் வரைந்திருந்தார்.

“மொதல்ல எது? ரயில் பாதையா?”

“மழை பெய்யுதுப்பா. அதெல்லாம் சும்மா எழுதுனது. நீங்க ரெஸ்ட் எடுங்க.”

“சும்மா எழுதுனியா?” அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “கவர்ன்மென்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டு, சும்மான்ற? நாளைக்கு ஏர்போர்ட்ல கேட்டான்னா இன்னா சொல்றது?”

“யாரும் கேக்க மாட்டாங்கப்பா.”

“கேக்க மாட்டான்னு சொல்லித்தான் எல்லாத் தப்பும் நடக்குது.”

என் மகள் ஷீபாவுக்கு அப்போது பதினேழு வயது. தமிழ் முழுவதும் புரியும், பேசுவது அரிதாகிவிட்டிருந்தது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அன்று அபூர்வமாகத் தமிழிலேயே சொன்னாள்:

“தாத்தா, நீங்க கவலப்படாதீங்க. அம்மாவ ஜெயில்ல போட்டா நான் பெயில் எடுக்கறேன்.”

“நீ எடுப்ப, உங்கம்மாவுக்குத்தான் பேஜாரு” என்றார் அப்பா, சிரிக்காமல்.

பொறுமைசாலி என்று பணியிடத்தில் எனக்குப் பெயர். அந்தப் பெயரை அடுத்த மூன்று வாரங்களில் நான் எத்தனை முறை இழந்தேன் என்று சொல்லி மாளாது. தாளில் உள்ள இடங்களுக்குப் போவது மட்டும் அப்பாவுக்குப் போதவில்லை. போனதற்கு அத்தாட்சி வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த இடத்தின் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும். கடலுக்கும் மலைக்கும் பொறுப்பாளர் யார் என்று நான் கேட்டபோது, “யாருமே இல்லாம இவ்ளோ பெரிய எடத்த எப்படி உட்டு வெச்சிருக்காங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

4

ரயில் பாதை இப்போது ரயில் இல்லாத பாதை. தண்டவாளத்தை எடுத்துவிட்டு நடப்பவர்களுக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள். ஒருபுறம் குடா, மறுபுறம் சதுப்பு நிலம், நடுவே செம்மறியாடுகள். எனக்கு மிகப் பிடித்த வழி. அம்மா இறந்த ஆண்டு முழுதும் அதில்தான் நடந்தேன். அப்பா ஸ்வெட்டர்மேல் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயும் அணிந்து நின்று இரு பக்கமும் பார்த்தார்.

“நல்லா ஓடிட்டிருந்த ரயில நிறுத்திட்டு, அந்த எடத்துல வாக்கிங்கா? இன்னா நாடும்மா இது! ஆம்பூர்ல இப்டி செஞ்சிருந்தா மறியலே நடந்திருக்கும்.”

எதிரே வந்த முதியவர் ஒருவர் தலையசைத்து, “கிராண்ட் டே!” என்றார். இந்த ஊரில் ‘கிராண்ட்’ என்றால் பரவாயில்லை, மோசமில்லை என்று பொருள். எங்கள் ஊரில் அது கல்யாணத்துக்கு மட்டுமே சொல்வது. ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டால்தான் கிராண்ட். அப்பா தூறலையும் ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எது கிராண்டுன்றான்?”

மிதிவண்டி வாடகைக் கடையில் இருந்த பெண் முதல் கையெழுத்தைப் போட்டாள். கேட்காமலே கடையின் முத்திரையையும் குத்தினாள். அந்த முத்திரையைக் கண்டதும் அப்பாவின் முகத்தில் தோன்றிய நிறைவை அதற்குப் பிறகு எந்த இயற்கைக் காட்சியும் தரவில்லை.

கீம் கடற்கரைக்குப் போன நாளில் குடை பின்பக்கமாக மடங்கும் அளவுக்குக் காற்று. மலைச்சரிவில் வண்டி வளைந்து இறங்கும்போது நீலமும் பச்சையுமாக அந்த விரிகுடா திறந்துகொள்வதைப் பார்த்து வெளிநாட்டவர் வாய் பிளப்பார்கள். ஷீபா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு வண்டியை விட்டு இறங்க மறுத்துவிட்டாள்.

“உள்ள இருந்தே பாக்கலாம்பா, குளுரு ஜாஸ்தியா இருக்கு” என்றேன்.

“லெட்டர்ல இன்னா போட்டிருக்க? கடற்கரையில் நடப்பார்னு. நடந்தாகணும்.”

நடந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு எதிராகக் குனிந்து, மணலில் அந்த முனைவரை போய் இந்த முனைக்கு வந்தார். கடலை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் பின்னாலேயே மடங்கிய குடையோடு ஓடினேன். எனக்கு அழுகையும் சினமும் சேர்ந்து வந்தன. இது பிடித்துப்போய்த் தங்கிவிட வேண்டும் என்பதற்காக நான் அழைத்து வந்த இடம். அவர் இதை ஒரு ஷிப்மென்ட் போல முடித்துக்கொண்டிருந்தார்.

டவுன்பேட்ரிக் முனையில் எங்களைத் தவிர இருந்தவர் நாயோடு வந்த ஒரு விவசாயி மட்டுமே. அப்பா தாளை நீட்டியதும் அவர் அதை ஏதோ மனு என்று எண்ணிக்கொண்டார்.

“எதை எதிர்த்து?” என்று என்னிடம் கேட்டார்.

விளக்கினேன். தந்தை வந்து பார்த்ததற்குச் சாட்சி வேண்டும் என்றேன். அவர் சிரிக்காமல் தொப்பியைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, கடலுக்குள் நிற்கும் அந்தப் பாறைத் தூணையும் அப்பாவையும் ஒப்பிட்டுப் பார்த்து, “இருவரும் நல்ல நிலையில் இருந்தார்கள்” என்று எழுதிக் கையெழுத்திட்டார். வண்டியில் திரும்பும்போது அதை மொழிபெயர்த்துச் சொன்னேன்.

“கண்டிஷன் எழுதியிருக்கான் பாரு” என்று அப்பா பெருமைப்பட்டார். “படிச்ச ஆளு.”

5

கைவிடப்பட்ட கிராமம் என்று துண்டறிக்கை சொல்வது ஒரு மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் கூரையற்ற கல்வீடுகளை. வாசல்கள் இருக்கின்றன, கதவுகள் இல்லை. உள்ளே புல். மக்கள் சுற்றிவந்து படம் எடுக்கிறார்கள். அப்பா முதல்முறையாகத் தாளை மறந்து ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார்.

“எங்க போய்ட்டாங்க எல்லாரும்?”

“பஞ்சத்துல கொஞ்சம் பேரு. அப்பறம் வேலைக்குன்னு கப்பலேறிப் போனவங்க. கடைசியா மிச்சம் இருந்தவங்க கடலோரத்துக்கு எறங்கிட்டாங்க.”

“வெளிநாடா?”

“வெளிநாடும்தான்.”

“லெட்டர் போட்டிருப்பாங்க” என்றார். சிறிது தூரம் நடந்து, “யார் இருந்து வாங்கியிருப்பா?” என்றார்.

அன்று அங்கே கையெழுத்துக் கேட்கவில்லை. அந்தக் கட்டத்தில் தாமே ‘ஆளில்லை’ என்று தமிழில் எழுதினார்.

6

கடைசியாக மலை. அதை மட்டும் நான் தள்ளிக்கொண்டே வந்தேன். அவர் ஊர் திரும்ப மூன்று நாள் இருந்தது. இனியும் கேட்காமல் இருக்க முடியாது என்று தீர்மானித்து, அங்கேயே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அப்பா குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் வாங்கிக்கொடுத்த புது ஷூ.

“அப்பா! கல்லுப்பா! முழுக்கக் கல்லு!”

“சாமி மலைன்னே. சாமி மலையில செருப்போட ஏறுவாங்களா? நம்ம சர்ச்சுலயே வாசல்ல உட்டுட்டுத்தானே போறோம்.”

இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு கூட்டம் அவருடைய வெறுங்காலைப் பார்த்து வழிவிட்டு ஒதுங்கியது. அந்த மலையில் வெறுங்காலோடு ஏறுவது இங்கே ஒரு கடும் நோன்பு. ஆண்டில் ஒரு ஞாயிறு பலர் அப்படி ஏறுவார்கள். குளிருக்குச் சிவந்த முகங்களோடு அவர்கள் அப்பாவுக்கு வணக்கம் சொன்னார்கள். தவறுதலாகப் புனிதராகிவிட்ட அப்பா எல்லோருக்கும் கைகூப்பினார். ஷூக்களைக் கையில் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போனேன்.

கார் நிறுத்துமிடத்துக்குச் சற்று மேலே வெள்ளைச் சிலை ஒன்று உண்டு. அதுவரை ஏறியதும் அவருடைய கால் நின்றுவிட்டது. படியில் அமர்ந்தோம். கீழே குடாவும் அதில் சிதறிய தீவுகளும் தெரிந்தன. அன்று மழை இல்லை.

“அப்பா, இங்கயே இருந்துடுங்களேன்” என்றேன். எத்தனையோ நாள் கட்டமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

அப்பா பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, அதுவரை அவர் தொட்டு நான் பார்த்திராத இரண்டாம் பக்கத்தைக் காட்டினார்.

“நீயே எழுதிக் குடுத்திருக்கியேம்மா. அஞ்சு காரணம்.”

“அது விசாவுக்குப்பா!”

“வீட்ட வாடகைக்கு உடலாம். பென்ஷன் எங்க இருந்தாலும் வரும். கமிட்டிக்கு வேற ஆளப் போட்டுப்பாங்க. உங்க அத்தைக்கு அவ புள்ள இருக்கான்.” ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கடந்து ஐந்தில் நிறுத்தினார். “இது? மெயின்டனன்ஸ்னு போட்டிருக்க.”

“அங்கதான் ஆள் இருக்காரேப்பா. நீங்க போறதே இல்லன்னு அத்த...”

“போகாமத்தான் இருந்தேன். பயமா இருந்துச்சு. அப்பறம் உன் லெட்டர் காப்பி வந்துச்சு. என் பேர்ல மெயின்டனன்ஸ்னு எழுதி, அதுக்குக் கீழ எம் பொண்ணு கையெழுத்துப் போட்டிருக்கா. செய்யலன்னா பொய்யாய்டுமே. அந்தச் சனிக்கெழம ஒரு பக்கெட்டு, பிரஷ்ஷு எடுத்துகினு போனேன். அன்னியிலிருந்து ஒரு சனிக்கெழமயும் உடல. வர்றதுக்கு முன்னாடி மூணு வாரத்துக்கு லீவு சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

“யார்கிட்ட?”

“உங்கம்மாகிட்டதான்.”

அம்மா இறந்ததிலிருந்து அவளைப் பற்றி அவர் வாய்திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. இழப்பைக் கையாள அவருக்கு ஒரு தாள் தேவைப்பட்டிருக்கிறது. அதை எழுதிக்கொடுத்தவள் நான். ஐந்தாவதாக ஒன்று இருந்தால் வலுவாக இருக்கும் என்று நினைத்தவளும் நான். என்மேல் எனக்கு வந்த எரிச்சலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. நான்கோடு நிறுத்தியிருந்தால் அவர் இங்கே இருந்திருக்கக்கூடும். நான்கோடு நிறுத்தியிருந்தால் அவர் அந்தக் கல்லறைக்குப் போகாமலே இருந்திருக்கவும் கூடும்.

சிவப்பு மேலங்கி அணிந்த ஒரு பெண்மணி மலையிலிருந்து இறங்கி வந்தார். அப்பா தாளை நீட்டினார். ‘சிலைவரை’ என்று நேர்மையாக எழுதிக் கையெழுத்திட்டுப் போனார் அவர்.

7

டப்ளின் விமான நிலையத்தில் அப்பாவிடம் யாரும் எந்தத் தாளையும் கேட்கவில்லை. அது அவருக்கு ஏமாற்றமாகவே இருந்தது. பாதுகாப்புச் சோதனைக்கான வரிசையின் முன்னே நின்று, தாளை என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில் எல்லாக் கட்டங்களும் நிறைந்திருந்தன. இரண்டாம் பக்கத்தின் அடியில் புதிதாக ஒரு கட்டம் இருந்தது.

“இதுல நீ போடு.”

“எதுக்குப்பா?”

“சரக்கு வெளிய போவுதில்ல? கேட் பாஸ் வேணாமா?”

ஷீபா தன் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். அவளுடைய முதுகின்மேல் தாளை வைத்துத்தான் கையெழுத்திட்டேன். மூன்று வாரமாக அவளும் நானும் அவ்வளவு அருகில் நின்றதில்லை. அப்பா கையெழுத்தைச் சரிபார்த்து, தேதி போடச் சொல்லி, வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

“வாக்கிங்க உட்றாத” என்றார். “சுகர் இல்லன்னாலும் போ.”

8

திமிரிப் பெண்ணின் தாயாருக்குக் கடிதத்தை நேற்று முடித்துக் கொடுத்தேன். போகும் இடங்களில் நடக்கக்கூடியவற்றை மட்டும் எழுதினேன். திரும்புவதற்கு நான்கு காரணங்கள் எழுதினேன், நான்கும் அவளிடம் கேட்டறிந்த உண்மைகள்.

“அக்கா, இன்னும் ஒண்ணு சேத்தா நல்லா இருக்காது? உங்க அப்பாவுக்கு அஞ்சு போட்டீங்களாமே?”

“நாலு போதும்” என்றேன்.

ஷீபா இப்போது கால்வே நகரில் தங்கிப் படிக்கிறாள். மாதம் ஒருமுறை துணி துவைக்க வருகிறாள். என் கணவர் சனிக்கிழமைகளில் வேலைக்குப் போய்விடுவார். மாடி அறையின் கட்டிலில் உலர்ந்த துணிகளை அடுக்கி வைக்கிறேன்.

சனிக்கிழமை அங்கே பொழுது சாய்ந்தபின், பக்கெட்டோடு வீடு திரும்பியதும் அப்பா அழைக்கிறார். எப்போதும் ஒரே கேள்விதான் முதலில்.

“வீட்ல யார் இருக்கா?”

“நான் இருக்கேன்பா. அங்க?”

“நான் இருக்கேன்.”